தோள் முதல் விரல் வரை: கை நரம்பு அடிபட்டவர்களுக்குக் கேள்வி பதில்

நரம்பு அடிபட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை செய்வது மருத்துவர்கள். அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் அந்தக் கையோடு மல்லுக்கட்டுவது நாங்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஸ்கேன் படத்தை மட்டும் அனுப்பி "என்னன்னு பாருங்க" என்றவர்கள் மன்னிக்கவும். கையைத் தொட்டுப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 24 வயசு. பைக்கில் இருந்து விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. எலும்பு முறிவு இல்லை. இடது தோளைத் தூக்க முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை. விரல்கள் மட்டும் நன்றாக அசைகின்றன. "ஆறு மாசம் பாருங்க, தானா வரும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம். ஆனால் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து அல்ல.

கழுத்தின் 5, 6, 7, 8ஆம் நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கைக்கு இறங்குகின்றன. இந்தப் பின்னலைத்தான் பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். பைக்கில் இருந்து விழும்போது தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் வெட்டி இழுபடும். அந்த இழுப்பில் முதலில் அடி வாங்குவது மேலே உள்ள 5, 6 வேர்கள். தோளைத் தூக்குவது, கையை வெளிப்பக்கம் திருப்புவது, முழங்கையை மடக்குவது மூன்றும் அவற்றின் பொறுப்பு. அதனால் கை உடம்போடு ஒட்டி, உள்நோக்கித் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி தொங்கும். டுஷேன், எர்ப் என்ற இரண்டு மருத்துவர்கள் 1872இலும் 1874இலும் எழுதி வைத்தது இதைத்தான்; இன்றும் எர்ப் வாதம் என்றே பெயர். விழும்போது எதையாவது எட்டிப் பிடித்து, கை தலைக்கு மேல் இழுபட்டால் கதை தலைகீழ். கீழ் வேர்கள் போய், தோள் நன்றாக இருக்க விரல்கள் விளங்காமல் போகும். அது க்ளும்ப்கே வாதம், 1885.

உங்கள் தம்பிக்கு விரல்கள் தப்பியது பெரிய விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கணக்கு. அறுந்த நரம்பு வளர்ந்தால் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வராத தசை 12 முதல் 18 மாதங்களில் கெட்டுப்போகும். அதற்கப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை ஏற்றுக்கொள்ளாது. கழுத்திலிருந்து உள்ளங்கைத் தசை வரை 70 சென்டிமீட்டர் என்றால் 700 நாள். நரம்பு போய்ச் சேரும்போது தசை இருக்காது. அதனால்தான் நாட்களை எண்ணச் சொல்கிறோம்.

ஈஎம்ஜி (தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் சோதனை), நரம்புக் கடத்தல் சோதனை இரண்டையும் அடிபட்ட மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு இதுதான் சரியான நேரம். மூன்றாம் மாத முடிவில் மேற்கைத் தசையில் சின்னத் துடிப்புகூட இல்லையென்றால், நரம்பு அறுவை செய்யும் மருத்துவர் முன்னால் தம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். அறுவைக்கு நல்ல பலன் தருவது முதல் ஆறு மாதம். அந்த ஆறையும் காத்திருப்பிலேயே கரைத்துவிட்டு வராதீர்கள்.

அதுவரை வீட்டில் ஒருவர் தினமும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லா மூட்டையும் முழு அளவுக்கு மெதுவாக அசைத்துவிட வேண்டும். நிற்கும்போது கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தூளி போடுங்கள், இல்லையென்றால் கையின் எடையே தோள் மூட்டைக் கீழே இறக்கிவிடும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துபோய் வருகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: மேடம், விபத்தில் என் வலது கை முழுக்கச் செயலிழந்து இரண்டு மாதம். தொட்டால் தெரியாது. ஆனால் நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது, நடுநடுவே ஷாக் அடிக்கிறது. ரிப்போர்ட்டில் "உணர்வு நரம்புகள் நார்மல்" என்று இருக்கிறது. நார்மல் என்றால் சரியாகிவிடும்தானே?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். அந்த "நார்மல்" பலரை ஏமாற்றியிருக்கிறது.

செடியின் தண்டு முறிந்தால் கட்டிப் பார்க்கலாம். வேரோடு மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால் திரும்ப நட வழியில்லை. நரம்பிலும் இந்த இரண்டும் உண்டு. உணர்வு நரம்பின் உயிரணு தண்டுவடத்துக்குள் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இல்லை, அதற்குச் சற்று வெளியே ஒரு முடிச்சில் இருக்கிறது. அந்த முடிச்சுக்கு வெளியே அறுந்தால், கையில் இருக்கும் நரம்பிழை உயிரணுவைப் பிரிந்து செத்துவிடும். மெஷினில் பதிவு வராது. முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பிய்ந்தால், இழையும் உயிரணுவும் சேர்ந்தே இருக்கும். இழை உயிரோடு இருப்பதால் மெஷின் நார்மல் என்று காட்டும். மூளைக்குத்தான் செய்தி போகாது. ஆகவே கை முழுக்க மரத்திருந்தும் உணர்வுப் பதிவு நார்மலாக இருந்தால், வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம் என்று பொருள். தானாக ஒட்டாது.

வேறு தடயங்களும் உண்டு. கண்ணாடியில் பாருங்கள்: அடிபட்ட பக்கத்து இமை சற்று இறங்கி, கண்மணி மறுகண்ணைவிடச் சுருங்கி இருக்கிறதா? அது ஹார்னர் அடையாளம், மார்பின் முதல் வேர் பிடுங்கப்பட்டதற்குச் சாட்சி. முதுகில் தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி துருத்துகிறதா? எக்ஸ்ரேயில் ஒரு பக்கத்து உதரவிதானம் ஏறி நிற்கிறதா? உணர்வில்லாத கையில் எரிச்சலும் ஷாக்கும் வருவதும் இதே பட்டியல்தான். தகவல் வராமல் போன தண்டுவடம் தானே கிளப்பும் வலி அது. சாதாரண வலி மாத்திரை கேட்காது. பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் அளவு பார்த்துத் தருவார். கடையில் நீங்களே வாங்காதீர்கள். வேலையில் மூழ்கியிருக்கும்போது வலி குறைவதாகப் பலர் சொல்வார்கள், அது கற்பனை இல்லை. மாலையில் சும்மா இருக்கும்போதுதான் பாடாய்ப் படுத்தும்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே போங்கள்.

கேள்வி: தினமும் நியூரோபியான் போட்டால் நரம்பு வளருமா?

அது பி வைட்டமின் மாத்திரை. பி12 குறைவாக இருந்தால் போட வேண்டும். அறுந்த நரம்பை அது ஒட்டாது.

கேள்வி: வயது 52, சர்க்கரை உண்டு. மூன்று மாதமாக வலது கையை மேலே தூக்க முடியவில்லை, இரவில் வலி. நரம்புத் தளர்ச்சியா?

ஒரு சின்னச் சோதனை. கையைத் தளர்த்திவிட்டு வீட்டில் யாரையாவது தூக்கிவிடச் சொல்லுங்கள். அவர் தூக்கினாலும் ஏறாமல் பாதியில் முட்டி நின்றால், பெரும்பாலும் மூட்டே இறுகியிருக்கிறது. உறைந்த தோள், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். அவர் தூக்கினால் தாராளமாக ஏறி, நீங்கள் தூக்கினால் மட்டும் ஏறவில்லையென்றால் நரம்போ தோள் ஜவ்வுக் கிழிசலோ இருக்கலாம். மரத்துப் போவதும் சதை இளைப்பதும் கூட இருந்தால் நரம்பின் பக்கம் பாருங்கள். எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது உறைந்த தோள் போலத்தான் இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் போங்கள், சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

கேள்வி: காலையில் எழுந்தால் மணிக்கட்டு தொங்குகிறது, நிமிர்த்தவே முடியவில்லை. முந்தின இரவு கையை மடக்கி நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். வலி இல்லை.

முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், அதே பக்கக் காலில் பலக்குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 108.

அவை இல்லாமல், முழங்கையை நீட்ட முடிந்து, மணிக்கட்டும் விரல்களும் மட்டும் நிமிரவில்லையென்றால், மேற்கை எலும்பைச் சுற்றிப் போகும் ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கை மதமதவென்று இருக்கும். நரம்பு அறுபடவில்லை, மேலுறை மட்டும் நலிந்திருக்கும். சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளின்ட் போடுங்கள். அக்குளில் ஊன்றுகட்டையை அழுத்தி நடப்பவர்களுக்கும் இதே நரம்பு போகும்; அவர்களுக்கு முழங்கை நீட்டுவதும் சேர்ந்து போகலாம். கட்டையின் எடை உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் அல்ல.

கேள்வி: கழுத்தில் நெறிகட்டி எடுத்து டிபி சோதனைக்கு அனுப்பினார்கள். டிபி சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து தோள் இறங்கி, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. "தையல் வலி" என்கிறார்கள்.

எத்தனை மாதம் என்று எழுதவில்லையே. கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே ஒரு நரம்பு ஓடுகிறது, ஸ்பைனல் அக்சசரி. நெறிகட்டியை எடுக்கும்போது அது அடிபடுவது தெரிந்த விபத்துதான். தோளைக் குலுக்கிப் பாருங்கள். அந்தப் பக்கம் ஏறவில்லையென்றால் அதுதான். ஆண்டுக்கணக்கில் தோள்வலி என்று மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். மாதங்கள்தான் ஆகிறது என்றால் நரம்பைச் சேர்க்க இன்னும் வாய்ப்பு உண்டு. "தையல் வலி" பலக்குறைவைக் கொண்டுவராது.

கேள்வி: குமரி மாவட்டத்துக்காரன். என் அக்கா மகன் பைக்கில் விழுந்து கை தூக்க முடியாமல் போனது. ஆபரேஷன் என்று பயமுறுத்தினார்கள். வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டு இரண்டே மாதத்தில் கை தூக்கிவிட்டான். நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதுவதில்லை?

அவன் கை தேறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் செடன் என்ற அறுவை மருத்துவர் 1943இலேயே நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு அறுபடாமல் வேலைநிறுத்தம் மட்டும் செய்யும். வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகத் திரும்பும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்து உறை தப்பியிருக்கும்; மெதுவாக வளர்ந்து வரும். மூன்றாவதில் எல்லாமே துண்டு. இரண்டே மாதத்தில் வந்தது என்றால் முதல் வகையாகத்தான் இருந்திருக்கும். எண்ணெய் போடாவிட்டாலும் வந்திருக்கும்.

அதே வாசகர்: அப்படியானால் உங்களிடம் வந்து தேறினால் பிசியோதெரபியால், ஆசானிடம் போய்த் தேறினால் தானாக. நல்ல நியாயம்!

நியாயமான குத்து, ஏற்றுக்கொள்கிறேன். முதல் வகைக் காயத்தில் எங்கள் கரண்ட் மெஷினுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் கிடைக்கிற பெயரும் ஓசியில் வந்ததுதான். மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது, தசை திரும்பும்போது பழக்குவது, இவைதான் எங்கள் வேலை. நரம்பை நாங்கள் வளர்ப்பதில்லை. எண்ணெய் மீது எனக்குப் பகையும் இல்லை. இதமாகத் தடவினால் கெடுதல் ஒன்றும் வராது. என் சண்டை காலண்டரோடுதான். "இன்னும் ஒரு மண்டலம்" என்று நாலு முறை சொன்னால் அரை ஆண்டு போய்விடும்.

மதுரை வாசகர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு மேற்கை எலும்பு முறிந்து கட்டுக் கட்டினோம், எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு தொங்கிவிட்டது. கட்டுதான் காரணமா?

இரண்டுமே நடக்கும். மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறியும்போதே ரேடியல் நரம்பு அடிபடலாம். தோல் கிழியாத முறிவில் அது பெரும்பாலும் தானாகத் திரும்பும். முறிந்த அன்றே தொங்கியதா, கட்டுக்குப் பிறகா என்பதுதான் கேள்வி. கட்டு யார் கட்டினாலும், மருத்துவமனை மாவுக்கட்டானாலும், விரல் வீங்கி, வலி தாங்காமல், நீலம் பாரித்தால் அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

குமரி வாசகர்: சரி, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். முதல் நாளே எந்த வகை என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் ஆபரேஷன் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

இந்தச் சண்டையிலேயே நல்ல கேள்வி இதுதான். முதல் நாள் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் நாளே அறுவையும் செய்வதில்லை (கத்திக்குத்து, கண்ணாடி வெட்டு வேறு, அங்கே உடனே தைப்பார்கள்). கண் இமை இறங்கியதா, தோள்பட்டை துருத்துகிறதா என்று பார்ப்போம். மூன்று, நான்கு வாரத்தில் ஈஎம்ஜி. மாதாமாதம் நரம்பின் பாதையில் விரலால் தட்டிப் பார்ப்போம். சுரீரென்று கைக்குப் பாயும் இடம் போன மாதத்தைவிடக் கீழே இறங்கியிருந்தால் நரம்பு வளர்ந்து வருகிறது. டினெல் சோதனை என்று பெயர், மெஷினே வேண்டாம். ஆசானும் செய்யலாம். மூன்று மாதம் பார்த்து அசைவே இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அதற்கு அவர் ஒப்புக்கொண்டால் எங்களுக்குள் வழக்கே இல்லை.

குமரி வாசகர்: சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அறுந்த பிறகு ஆபரேஷனில் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

நிறைய. தம்பிக்கு விரல்கள் தப்பியது பெரிய விஷயம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. பிடுங்கப்பட்ட வேரை ஒட்ட முடியாது. ஆனால் வேலை செய்யும் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, செத்த நரம்பில் தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கலாம். 1994இல் பிரான்சின் அறுவை மருத்துவர் ஓபர்லன் சொன்ன முறையில் விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பின் ஓர் இழையை எடுத்து மேற்கைத் தசைக்குக் கொடுப்பார்கள். விரல் பலம் அநேகமாகக் குறையாது. தூரம் சில சென்டிமீட்டர் என்பதால் மாதங்களிலேயே தசை துடிக்கும். அப்போது என்னிடம் வருவார்கள். முஷ்டியை இறுக்கினால் முழங்கை மடங்கும்! விலா நரம்பை எடுத்து இணைத்தவர்களுக்கு மூச்சை இழுத்துப் பிடித்தால் மடங்கும். கொஞ்ச நாளில் மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொண்டு, மூச்சு தனி, கை தனி என்று பிரித்துவிடும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான்.

கேள்வி: சண்டை முடிந்ததா மேடம்? பிரசவத்தில் குழந்தையின் வலது கை அசையவில்லை. பிறந்து பதினைந்து நாள். பாட்டி எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்.

உருவ வேண்டாம். தலை வந்து தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவத்தில், குறிப்பாகப் பெரிய குழந்தைகளுக்கு, இதே 5, 6 வேர்கள் இழுபடும். முதலில் காறை எலும்பு முறிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் வலியால் கையை அசைக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே திரும்பும். பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அக்குளிலோ கையிலோ பிடித்துத் தூக்காதீர்கள். மூன்று மாதத்தில் முழங்கை மடக்கவில்லையென்றால் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை முழுக்கத் துவண்டு, இமையும் இறங்கியிருந்தால் அதற்கு முன்பே.

கேள்வி: மெத்தில்கோபாலமின் ஊசி போட்டால் சீக்கிரம் வருமா?

அதுவும் பி12தான். மேலே நியூரோபியான் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்து பத்து நாளில், நடு இரவில் தோளில் தாங்க முடியாத வலி. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது, ஆனால் இப்போது தோள் இளைத்துப் பலமில்லை.

வலி போனபின் பலம் போவது பார்சனேஜ், டர்னர் இருவரும் 1948இல் விவரித்த நோய்க்கு (பிரேக்கியல் பிளெக்சஸ் நரம்புகளின் அழற்சி) உரிய நடை. காய்ச்சல், தடுப்பூசி, வேறெதற்கோ நடந்த அறுவை இவற்றுக்குப் பின்னால் வரும். கழுத்து எலும்புத் தேய்வு என்று தவறாக நினைப்பது சகஜம். ஆனால் தேய்வில் கழுத்தைத் திருப்பினால் கைக்கு வலி பாயும், இதில் அப்படி இராது. நரம்பு மருத்துவரைப் பாருங்கள். பலர் தேறுகிறார்கள், ஆனால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம்.

கேள்வி: அப்பா 30 வருடமாகப் பீடி பிடிப்பவர். தோளிலிருந்து சுண்டுவிரல் வரை வலி, அந்தப் பக்கக் கண் சிறுத்துவிட்டது. பிசியோதெரபி செய்யலாமா?

வேண்டாம். நாளைக்கே நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன். நுரையீரல் உச்சியில் வரும் கட்டி கீழ் வேர்களை அழுத்தினால் இப்படித்தான் இருக்கும். கட்டியாகவே இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இல்லை என்று தெரியும்வரை யாரும் தோளை அமுக்கக் கூடாது.

கேள்வி: மகனுக்கு 19. வலது உள்ளங்கையும் முன்கையும் வலியே இல்லாமல் இளைக்கின்றன. குளிரில் விரல் இன்னும் மோசமாகிறது.

ஹிராயமா நோயாக இருக்கலாம். ஜப்பானில் 1959இல் விவரிக்கப்பட்டது. நம் ஊர்ப் பையன்களிடமும் உண்டு. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்குவதால் வருகிறது. ஆகவே எம்ஆர்ஐ எடுக்கும்போது கழுத்தைக் குனிந்த நிலையிலும் எடுக்கச் சொல்லி நரம்பு மருத்துவரிடம் கேளுங்கள். நேராகப் படுத்தால் தெரியாமல் போகலாம். ஆரம்பத்திலேயே கழுத்துப் பட்டை போட்டால் மேலும் இளைப்பதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்கு என்ன பயிற்சி?

என் துறை இடுப்புக்கு மேலே.

கேள்வி: எந்த மருத்துவமனைக்குப் போவது?

கோவை கங்கா மருத்துவமனை இந்த அறுவைக்குப் பெயர் பெற்றது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு பல ஆண்டுகளாக இயங்குகிறது. காப்பீடு செல்லுமா, எவ்வளவு ஆகும் என்பதை அங்கேயே விசாரியுங்கள், எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.

கேள்வி: விபத்து நடந்து நான்கு ஆண்டு. முழங்கை மடங்காது. இனி ஒன்றும் இல்லையா? மெத்தில்...

மாத்திரைப் பேச்சு வேண்டாம். நரம்பை இணைக்கும் காலம் போய்விட்டது, உண்மை. ஆனால் தொடையிலிருந்து ஒரு தசையை அதன் ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கையில் பொருத்தும் அறுவை இருக்கிறது. வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றியும் பார்க்கலாம். எது பொருந்தும் என்பதை எந்தத் தசை மிச்சமிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். மூட்டுகள் இறுகியிருந்தால் எதுவும் பலிக்காது, அதனால் முதலில் அவற்றைத் தளர்த்த வேண்டும்.

கேள்வி: சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நிற்கின்றன. முன்கையில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல். முழங்கையின் உள்பக்கம் கயிறு மாதிரி தடித்திருக்கிறது. விபத்து எதுவும் இல்லை.

இதைத் தொழுநோய் என்று சந்தேகித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். பயப்படாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள், கூட்டு மருந்து இலவசம், ஆறு அல்லது பன்னிரண்டு மாதம். நரம்பு புதிதாகப் பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டும் தருவார்கள், அதைத் தள்ளிப்போட்டால் பலம் திரும்புவது கடினம். விரல் ஏற்கெனவே மடங்கி நின்றுவிட்டாலும் வழி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொடங்கிய தசைநார் மாற்று அறுவை இப்படிப்பட்ட கைகளுக்காகவே வந்தது. மடங்கிய விரல்களைத் தினமும் நீட்டிவிடுங்கள், அடுப்படியில் துணியில்லாமல் பாத்திரம் பிடிக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் உங்களுக்கும் கிடையாது.